பட்டி பார்த்த கிட்டார்

ஜூலை ஞாயிறு, மொந்தேவிதேயோ.
கை விறைக்கிற குளிரில்
தெருச்சந்தையின் கடைக்கோடியில்
கழற்றிய கதவுப் பிடிகளுக்கும்
நீரில்லாத மீன்தொட்டிக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தது.

ஒன்பதாயிரம் பேசோ என்றார் ஒதிலோ,
மாத்தே உறிஞ்சிக்கொண்டே.
நான் விலையே கேட்கவில்லை.

தூக்கினேன்.
இந்த வயதுக் கிட்டார் இப்படிக் கனக்காது.
உள்ளே யாரோ எதையோ அப்பியிருக்கிறார்கள்.
துளைக்குள் போன் வெளிச்சம் விட்டேன்.
கிழிந்த சீட்டில் 1931,
செய்தவன் பேரில் கடைசி மூன்று எழுத்து,
அதன்மேல் வழிந்து இறுகிய
சாம்பல் நிறம்.

எனக்கு அதைத் தெரியும்.
இருபத்திரண்டு வருஷமாக என் நகத்தடியில் இருப்பது.
கார்ப் பட்டி.
ஃபியட் கதவுக்கும் டாக்சி மட்கார்டுக்கும்
வாரம் ஆறு நாள் நான் பூசுவது.

பட்டி, டிங்கரிங், பெயின்ட்.
எவனோ இதற்கு முழு வேலையும் பார்த்திருக்கிறான்.
விலாவில் ஒரு சாண் விரிசல்: பட்டி.
கழுத்து பிடுங்கிக்கொண்ட இடத்தில்
பத்தாம் நம்பர் போல்ட்டு,
வாஷரோடு.
குதிரையைக் கோணலாக ஒட்டிவிட்டு
கோணல் தெரியாமலிருக்கப் பக்கத்தில்
பெயின்டில் ஒரு பூ.

வண்டி என்றால் பாராட்டியிருப்பேன்.
விளிம்பில் மேடில்லை, ஊசித்துளை இல்லை,
எண்பதில் தொடங்கி நானூறு வரை
காகிதம் மாற்றி மாற்றித் தேய்த்திருக்கிறான்,
பொறுமைசாலி.
மரம்தான் அவனுக்குத் தகரமாகத் தெரிந்திருக்கிறது.

"போல்ட்டைப் பார்த்தீங்களா?"
எட்டு.
"விரிசல்?"
ஏழரை.
"மூணாவது தந்தி மெட்டுல இடிக்குது."
ஏழு. அதுக்குக் கீழ போனா
என் மனைவி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.

கணக்குப் போட்டேன்.
பட்டியைப் பெயர்த்தால் கூடவே மரமும் வரும்.
போல்ட்டைக் கழற்றினால் கழுத்து தனி, உடம்பு தனி.
உடைந்ததைச் சரிபண்ணலாம்,
சரிபண்ணினதை யார் சரிபண்ணுவது?
கிட்டார் செய்கிறவரிடம் கொண்டுபோனால்
இருபதாயிரமும் ஒரு பிரசங்கமும் ஆகும்.

ஆறாவது தந்தியை மட்டும் ஒருமுறை சுண்டினேன்.
நூற்று ஒன்றாம் நம்பர் பஸ்
முனை திரும்பி மறையும்வரை நின்றது சத்தம்.
சரி, அது ஒரு தந்தி.

வைத்துவிட்டு நகரும்போதுதான்
மேகம் விலகி வெயில் அதன் மேல்வளைவில் விழுந்தது.
பெயின்ட் போய், அடியில் பட்டி தெரிகிறது,
உள்ளங்கை அகலத்துக்கு,
வழுவழுவென்று.
காகிதம் தேய்த்தால் இப்படி வராது.
முழங்கைக்குக் கீழ்ச் சதை
சாய்ந்து சாய்ந்து தேய்த்தது.
பட்டி பார்த்த பிறகும்
பத்து வருஷமோ பதினைந்தோ
யாரோ விடாமல் வாசித்திருக்கிறார்கள்,
இந்தப் போல்ட்டோடு, இந்தப் பூவோடு,
இடிக்கிற மூன்றாவது தந்தியோடு.

எனக்கு நாலு பாட்டுக்கு மேல் தெரியாது.
ஏழாயிரம் என்பது கேஸும் கரண்டும்.
போய் ஒரு தோர்த்தா ஃபிரித்தா வாங்கித் தின்றேன்.
எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்தேன்.

திரும்பி வந்தால்
ஒரு பையனும் பெண்ணும் அதைத் தூக்கிவைத்திருக்கிறார்கள்.
அவன் முதுகில் தட்டிப் பார்க்கிறான்.
அவள் பூவைத் தொட்டு, அழகு என்கிறாள்.

"கார்ப் பட்டி அது," என்றேன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
"கழுத்துல போல்ட்டு. குதிரை கோணல்.
ஜனவரி வெயிலுக்கு வெடிச்சிரும்.
எங்க பட்டறையில பழைய ஷெவர்லேக்குக்கூட
இப்படி அப்பமாட்டோம்."
சொல்லச் சொல்ல
என் குரல் எனக்கே கேட்டது.
மாட்டுச் சந்தையில்
வாங்கப்போகிற மாட்டுக்குச் சுழி சொல்கிறவன் குரல்.

மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒதிலோ மாத்தேயைக் கீழே வைத்தார்.
"ஆளை விரட்டினதுக்கு ஆயிரம், பட்டறைக்காரம்மா.
எட்டு."

எண்ணிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்
கையைப் போட்டுப் பார்த்தேன்.
தேய்ந்த இடம்
என் கை விழுகிற இடத்துக்கு
இரண்டு விரற்கடை மேலே இருக்கிறது.